கல்லூரித் திடலுக்கு வரட்டும் கோடாலி

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் போயிருக்கும் தம்பி தங்கையருக்கு,

சுங்கை பாலாஸிலிருந்தும் ஹாபுவிலிருந்தும் புளூ வேலியிலிருந்தும் இறங்கி, செர்டாங்குக்கும் கோலாலம்பூருக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் படிக்கப் போயிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் பல கல்லூரிகளில், கால்பந்துக்கும் நீச்சலுக்கும் அணி இருப்பதைப் போலவே, மரம் வெட்டவும் ஓர் அணி இருக்கிறது. கோடாலியும் ரம்பமும் எடுத்துக்கொண்டு மாணவர்கள் பனியிலும் வெயிலிலும் பயிற்சி செய்கிறார்கள், ஊர் ஊராகப் போய்ப் போட்டியிடுகிறார்கள். அந்த அணிகளின் வரலாற்றைப் படித்த நாளிலிருந்து எனக்கு நம் மலையின் ஞாபகம்தான். நம் தாத்தா பாட்டிமார் செய்த வேலைக்கும் அந்த விளையாட்டுக்கும் அவ்வளவு நெருக்கம். உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ ஹாம்ஷியர் மாநிலத்தில் ஹானோவர் என்ற சிற்றூர். அங்கே 1769-ல் தொடங்கிய டார்ட்மத் கல்லூரி. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம். ஊரை ஒட்டி கனெக்டிகட் ஆறு ஓடுகிறது. வடக்கே காடுகளில் குளிர்காலம் முழுக்க வெட்டிய மரங்களை, பனி உருகியதும் அந்த ஆற்றில் மிதக்கவிட்டு தெற்கே ஆலைகளுக்குக் கொண்டுபோவார்கள். மிதக்கும் மரத்தின்மேல் ஏறி நின்று, நீண்ட கொக்கியால் மற்ற மரங்களைத் தள்ளிவிட்டபடி போகும் ஆட்கள் அந்தக் கல்லூரியைக் கடந்துதான் போயிருப்பார்கள். அந்த ஆற்றில் நெடுந்தூர மரமிதவை கடைசியாக நடந்தது 1915-ல். அதுவரை கரையில் புத்தகம் படித்தவர்களுக்கும் ஆற்றில் மரம் ஓட்டியவர்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை பெரிதாக இருந்திருக்காது.

அந்தக் கல்லூரியில் 1909-ல் மாணவர்கள் மலையேற்றத்துக்கும் பனிச்சறுக்குக்கும் ஒரு கழகம் அமைத்தார்கள். பின்னர் அதற்குக் காட்டுவேலை சொல்லித்தர ராஸ் மெக்கென்னி என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் பேராசிரியர் அல்லர். மெய்ன் மாநிலத்துக் காடுகளில் வழிகாட்டியாக இருந்தவர், கோடாலி பிடித்த கை. 1938-ல் மூசிலாக் மலையின் அடிவாரத்தில் மாணவர்களுக்கென ஒரு பெரிய மர விடுதி எழுந்தது. அந்த மலையிலேயே வளர்ந்த ஸ்புரூஸ் மரங்களைச் சாய்த்து, செதுக்கி, அடுக்கிக் கட்டியது அவர் தலைமையில்தான். அவரிடம் கோடாலி தீட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் பின்னாளில் வழக்கறிஞரானவர்களும் மருத்துவரானவர்களும் இருந்திருப்பார்கள்.

1947-ல் மெக்கென்னி மற்ற கல்லூரி மாணவர்களையும் ஹானோவருக்கு அழைத்து ஒரு வார இறுதியில் போட்டி வைத்தார். கல்லூரிகளுக்கு இடையிலான மரவெட்டுப் போட்டிகளின் நீண்ட வரிசை அங்கே தொடங்குகிறது. அந்த மரபில் வந்த போட்டிகளின் பட்டியலைப் பாருங்கள்: கிடத்திய மரத்தைக் கோடாலியால் வெட்டுதல், இருவர் சேர்ந்து ரம்பம் இழுத்தல், கோடாலி எறிதல், விறகு பிளந்து தீ மூட்டி ஒரு டப்பா தண்ணீரைக் கொதிக்கவைத்தல், கட்டைகளைக் குறி பார்த்து வீசுதல், படகு வலித்தல். காட்டு முகாமில் ஓர் ஆள் ஒரு நாளில் செய்த வேலைகள்தான் இத்தனையும். ஒவ்வொன்றையும் தனியே எடுத்து, அளவும் நேரமும் வைத்துப் போட்டியாக்கிவிட்டார்கள்.

அந்த 1947-ஆம் ஆண்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். போர் முடிந்திருந்த காலம். பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம் காட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. கைரம்பத்துக்கும் கோடாலிக்கும் இனி வேலை இருக்காது என்பது தெரிந்துவிட்ட நேரம் அது. பிழைப்புக்கு இனி வேண்டாம் என்றான ஒரு திறமையை, அது தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே, அவரையே ஆசிரியராக வைத்துக் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் சொல்லித்தர ஆள் இருந்திருக்காது.

மரம் வெட்டுவதைப் போட்டியாக்கியது அமெரிக்கர்கள் மட்டும் அல்லர். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் லாட்ரோப் என்ற ஊரில் 1891-லேயே பெரிய அளவில் சாம்பியன் போட்டி நடந்திருக்கிறது. 1985-ல் சங்கிலி ரம்பம் செய்யும் ஸ்டில் நிறுவனம் தொடங்கிய போட்டித் தொடர் தொலைக்காட்சிக்கும் போனது. 2000-களில் கல்லூரி மாணவர்களுக்கென அதில் ஒரு பிரிவும் வந்தது. அதில் நான்கு போட்டிகள். கிடந்த மரத்தின்மேல் கால் அகட்டி நின்று இரு பாதங்களுக்கும் நடுவே வெட்டுவது ஒன்று. காலில் இரும்புச் சங்கிலி வலையாலான காலுறை கட்டாயம். நிமிர்த்தி நிறுத்திய மரத்தை இரு பக்கமும் வெட்டித் துண்டிப்பது இரண்டாவது. ஏறத்தாழ 2 மீட்டர் நீள ரம்பத்தை ஒருவரே இழுத்து அறுப்பது மூன்றாவது. சங்கிலி ரம்பத்தால் மரத்திலிருந்து இரண்டு வட்டுகளை, ஒன்றை மேலிருந்து கீழாகவும் ஒன்றைக் கீழிருந்து மேலாகவும், கோடு தாண்டாமல் சீவி எடுப்பது நான்காவது. 30 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மரத்தைத் தேர்ந்தவர்கள் அரை நிமிடத்துக்குள் துண்டாக்குகிறார்கள். பார்ப்பதற்கு முரட்டு பலமாகத் தெரியும். அது பலம் மட்டும் அல்ல. முதல் வெட்டு எந்தக் கோணத்தில் விழுகிறது, இரண்டாவது அதற்கு எவ்வளவு தள்ளி விழுகிறது, சில்லு எப்போது தெறிக்கிறது என்பதெல்லாம் கணக்கு. கணக்குத் தப்பினால் அடுத்த பத்து வெட்டும் வீண்.

டார்ட்மத்தில் 1972-ல் பெண்கள் மாணவிகளாகச் சேர்ந்தார்கள். இன்று இந்தப் போட்டிகளில் பெண்கள் அணி உண்டு, ஆணும் பெண்ணும் சேர்ந்து ரம்பம் இழுக்கும் கலப்பு அணியும் உண்டு. கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வளாகத்தில் சனவரிப் பனியில் போட்டி நடத்துகிறார்கள். படிப்பு முடித்துப் போனவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்து நேரம் குறிக்கிறார்கள், நடுவராக நிற்கிறார்கள், தம் பழைய கோடாலியைப் புதுப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள்.

கைரம்பம் அங்கே வெறும் நினைவுப்பொருளாகவும் நின்றுவிடவில்லை. 1964-ல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மனிதக் கை படாமல் காக்க வேண்டிய காட்டுப்பகுதிகளில் இயந்திரக் கருவிகள் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அந்தக் காடுகளில் நடைபாதையின் குறுக்கே மரம் விழுந்தால் கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும். ஆகவே ரம்பப் பல்லை அராவத் தெரிந்தவருக்கு இன்றும் அங்கே மதிப்பு. நன்றாக அராவிய ரம்பம் தூளாகக் கொட்டாது, நீள நாடாவாக மரத்தை இழுத்து வெளியே தள்ளும். வெட்டும் பல்லுக்கும் அதை அடுத்துச் சுரண்டி எடுக்கும் பல்லுக்கும் உள்ள உயர வித்தியாசம் மயிரிழை அளவு. அதைக் கையால் அராவப் பழகுவதற்குள் ஆண்டுகள் போய்விடும்.

இனி நம் மலைக்கு வருகிறேன்.

1885-ல் வில்லியம் கேமரன் அளந்துவிட்டுப் போன இந்த மலைக்கு, 1930-களின் தொடக்கத்தில்தான் தாப்பாவிலிருந்து ஒழுங்கான சாலை வந்தது. 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ.பி. மில்னோடு சேர்ந்து இங்கே நிலம் வாங்கி 'போ' தோட்டத்தைத் தொடங்கினார். 1933-ல் ரஸ்ஸல் இறந்துபோனார். அதே 1933-ல் ஆக்ராவிலிருந்து வந்த அகர்வால் குடும்பம் பாரத் தோட்டத்தைத் தொடங்கியது. ஒரு நீராவி உருளை, சில கோவேறு கழுதைகள், மீதியெல்லாம் மனித உழைப்பு என்று 'போ' தோட்டத்தின் தொடக்கத்தை இன்றும் விவரிப்பார்கள். ரஸ்ஸல் பெயர் இருக்கிறது, மில்ன் பெயர் இருக்கிறது. கழுதைக்குக்கூட ஓர் இடம் இருக்கிறது. நம் ஆட்கள் அத்தனை பேரும் அந்த 'மீதி'க்குள் இருக்கிறார்கள்.

அந்த மீதிக்குள் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே, கருவாலி இனத்து மரங்களும் இலவங்க இனத்து மரங்களும் பாசி போர்த்தி நின்ற காடு. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. கால் வைத்தால் வழுக்கும் சரிவு. மரத்துக்கு மரம் கொடி பின்னிக் கிடக்கும். ஒன்றை வெட்டினால் அது இழுக்கிற இன்னொன்று எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. மரம் சாய வேண்டிய பக்கத்தில் முதலில் ஆழமாக ஒரு வாய் திறப்பார்கள். பிறகு எதிர்ப்பக்கத்தில், அதற்குச் சற்று மேலே வெட்டிக்கொண்டு போவார்கள். நடுவில் விடுகிற கொஞ்சம் மரம்தான் கதவின் கீல் மாதிரி அதைத் திருப்பி இறக்கும். அந்தக் கொஞ்சத்தைச் சரியாக விடத் தெரியாதவன் உயிரோடு வீடு திரும்ப முடியாது. இந்த உத்தி உலகம் முழுக்க ஒன்றுதான். மெய்ன் காட்டில் மெக்கென்னி செய்ததும் இதுதான்.

இங்கே ஒரு விஷயத்தில் நேர்மையாக இருக்க வேண்டும். காட்டைச் சாய்த்தவர்கள் நம்மவர்கள் மட்டும்தான் என்று எழுதிவிடாதீர்கள். மலாயாத் தோட்டங்களில் பெருமரம் சாய்க்கும் வேலையைப் பல இடங்களில் மலாய்க்காரர்களும் சாவகத்தாரும் பூர்வக்குடிகளும் குத்தகைக்கு எடுத்துச் செய்தார்கள். கைரம்பத்தால் பலகை அறுப்பதில் சீனத் தொழிலாளர்களுக்கு ஈடில்லை. கேமரன் மலையின் சொந்தக்காரர்களான செமாய் மக்கள் எந்தத் துரையும் வருவதற்கு முன்பே இந்தச் சரிவுகளில் மரம் சாய்த்துப் பயிர் செய்தவர்கள். சின்னத் தலையும், பிரம்பால் இறுக்கிக் கட்டி வளைந்து கொடுக்கும் பிடியும் கொண்ட பெலியோங் கோடாலியால் அவர்கள் வெட்டுவார்கள். அடியில் பலகைபோல வேர் விரிந்த மரமென்றால், சுற்றிலும் கம்பு நட்டுப் பரண் கட்டி, வேர் விரிவுக்கு மேலே ஏறி நின்று வெட்டுவார்கள். அமெரிக்கப் போட்டிகளில் பெரியவர்கள் பிரிவில் ஒன்று உண்டு: மரத்தில் பொந்து வெட்டிப் பலகையைச் செருகி, அதில் ஏறி நின்று அடுத்த பொந்து வெட்டி, 9 அடி மரத்தின் உச்சியை வெட்டுவது. அடிமரம் பருத்த பெருமரங்களை அந்தப் பருமனுக்கு மேலே வெட்ட, பசிபிக் கரைக் காடுகளில் கண்ட வழி அது. ஒருவரை ஒருவர் பார்க்காத இரண்டு காட்டு மக்கள் ஒரே சிக்கலுக்கு ஏறத்தாழ ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள். ஒரு விடையைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். மற்றது ரிங்லெட் பக்கத்துக் கிராமத்தில் ஏதோ ஒரு பெரியவரின் நினைவில் இருக்கிறது.

சரிவையே ஒரே மூச்சில் சாய்க்கும் உத்தியும் செமாய், தெமியார் மக்களுக்குத் தெரியும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு மரத்தையும் பாதி வெட்டிவிட்டு வருவார்கள். உச்சியில் நிற்கும் பெருமரத்தை மட்டும் முழுதாகச் சாய்ப்பார்கள். அது அடுத்ததைத் தள்ளும், அது அதற்கடுத்ததைத் தள்ளும், சரிவு முழுதும் ஒரே இரைச்சலில் தரைக்கு வரும். இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் திறந்தபோது சிங்களக் கிராமத்தார் இதே வழியில் வெட்டினார்கள். அடுத்து, விழுந்து கிடந்ததை எரிக்கவும் துப்புரவாக்கவும் குழி வெட்டவும் நாற்று நடவும் வந்து நின்றவர்கள் தமிழர்கள்.

நம் மலையிலும் நம் ஆட்களின் கை அந்த இடத்தில்தான் அதிகம் பட்டது என்று நினைக்கிறேன். மரம் சாய்ந்ததோடு வேலை முடிவதில்லை. கிளை கழிக்க வேண்டும், துண்டு போட வேண்டும், சரிவின் குறுக்கே உருட்டி அடுக்க வேண்டும், ஈர விறகை எரியவைக்க வேண்டும், எரியாமல் மிஞ்சிய அடிமரத்தைத் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு நிறை பிடித்து, குழி வெட்டி, தவரணையிலிருந்து கன்று கொண்டுவந்து நட வேண்டும். பாதை வெட்ட வேண்டும், லயம் கட்ட மரம் கொடுக்க வேண்டும். எங்கள் தாத்தா கையில் பாராங் கத்தியும் கோடாலியும் எப்போதும் இருந்தன. அவற்றைத் தீட்டுகிற கல்லை யாரையும் தொடவிட மாட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதை அவருடைய கோபம் என்று எண்ணியிருந்தேன். கருவியின் அருமை தெரிந்தவர் அப்படித்தான் இருப்பார் என்பது, அந்தக் கல்லூரி அணிகளின் கதையைப் படித்தபோதுதான் புரிந்தது.

அவர்கள் வந்த காலத்தையும் கவனியுங்கள். இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கட்டிக் கொண்டுவரும் முறை 1910-ல் ஒழிந்து, கங்காணி முறை நடந்துகொண்டிருந்த நேரம். 'போ' தொடங்கிய அதே 1929-ல்தான் உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை விழுந்து, அடுத்த சில ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். கீழே தோட்டங்களில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது இங்கே மேலே காட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அந்த ஆண்டில்தான் மூசிலாக் மலையடிவாரத்தில் மெக்கென்னி விடுதி கட்டினார். ஒரே ஆண்டு, இரண்டு மலை. ஒரு மலையில் கோடாலிக்காரர் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆசிரியர். மற்ற மலையில் கோடாலிக்காரர் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஒரு வரி.

அதன்பின் ஜப்பானியர் வந்தார்கள். 1942-லும் 1943-லும் மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாகத் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மூங்கில் காட்டையும் பெருங்காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் பாதை போட்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போட்ட கட்டையும் பாலத்துக்கு நிறுத்திய தூணும் காட்டு மரம். பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். நம் மக்கள் வாழ்க்கையில் கோடாலியின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

செக்ரோல் என்றேன். அதில் பெயர்கள் இருந்தன. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் ஆளாகப் பெயர் கூப்பிட்டு எழுதினார்கள். யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு கூலி என்பது எழுதப்பட்டது. யார் கோணல் மரத்தையும் நினைத்த இடத்தில் சாய்ப்பார், யார் கவாத்து வெட்டினால் ஒரு கிளைகூடப் பிளக்காது, எந்தப் பாட்டி நிறைக்கு நிறை எல்லோரையும் முந்திக்கொண்டு கொழுந்து கிள்ளினார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அந்தக் கல்லூரிகளில் எழுதியது இந்த இரண்டாவது வகையைத்தான். எந்த ஆண்டு, எந்த மாணவர், எந்தப் போட்டி, எத்தனை வினாடி. அதனால்தான் அங்கே ஓர் அணிக்கு வரலாறு என்று ஒன்று இருக்கிறது.

உங்களில் சிலருக்கு இப்போதே ஒரு மறுப்பு எழுந்திருக்கும். மரம் வெட்டுவதைக் கொண்டாடலாமா, அதுவும் நம் மலையில்? நியாயமான கேள்வி. காய்கறித் தோட்டங்களுக்கும் கட்டடங்களுக்கும் சரிவுகளைச் சுரண்டியதால் மண் இறங்கி ஆறுகள் சேறாகிவிட்டதை நீங்கள் பார்த்து வளர்ந்தவர்கள். 1963-ல் கட்டி முடித்த ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணையில் வண்டல் நிறைந்து கிடக்கிறது. 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. காட்டை இழப்பதன் விலை நமக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல.

ஆனால் அந்தக் கல்லூரி அணிகளில் பல காட்டியல் துறைகளோடு ஒட்டி வளர்ந்தவை என்பதை மறக்காதீர்கள். எந்த மரத்தை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று படிக்கிறவர்கள்தான் மாலையில் ரம்பம் இழுக்கிறார்கள். போட்டிக்கு எடுப்பதும் வெட்டுவதற்கென்றே வளர்த்த மரம். கையால் ஒரு மரத்தை அறுத்தவனுக்கு அந்த மரம் எவ்வளவு காலம் எடுத்து வளர்ந்தது என்பது தோளில் தெரியும். இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு சரிவையே வழித்தெடுப்பவனுக்கு அது தெரிய வழியில்லை. நம் மலையைப் பாழாக்கியது கோடாலியின் திறமை அல்ல. திறமையே தேவைப்படாத அவசரம்தான் பாழாக்கியது.

இன்னொரு தயக்கம் இருக்கிறது. அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். கோடாலியும் கூடையும் வேண்டாம் என்றுதானே உங்களை அம்மா அப்பா படிக்க அனுப்பினார்கள்? மழைக்கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் நின்றது, நீங்கள் நிற்கக்கூடாது என்பதற்காகத்தான். பல்கலைக்கழகத்தில் எந்த ஊர் என்று கேட்டால் 'கேமரன்' என்று சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் விடும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சுற்றுலாப் பயணி எடுத்த படத்தில் அழகாக இருக்கும் அந்தப் பச்சைச் சரிவு உங்கள் பாட்டியின் முதுகுவலி என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த வறுமைக்கும் அவமதிப்புக்கும் திரும்பிப் போகச் சொல்லவில்லை. கொடுமை வேறு, அந்தக் கொடுமைக்குள்ளும் அவர்கள் கையில் வளர்ந்த திறமை வேறு. கொடுமையோடு சேர்த்துத் திறமையையும் நாம் புதைத்துவிட்டோம். டார்ட்மத் மாணவர்கள் யாரும் கூலிக்கு மரம் வெட்டப் போகவில்லை. படித்தவர்கள் அந்தக் கோடாலியைத் தொட்டதால் கோடாலி தெரிந்தவருக்கு மரியாதை கூடியது. நீங்கள் தொட்டாலும் கூடும்.

ஆகவே நான் கேட்பது இது. உங்களுக்குள் ஓர் அணி அமையுங்கள். ஒரே கல்லூரியாக இருக்க வேண்டியதில்லை. எங்கே படித்தாலும் நம் மலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தீபாவளி விடுமுறைக்கு மேலே வருகிறீர்கள் அல்லவா, அந்த நாட்களில் தோட்டத் திடலில் முதல் போட்டியை வையுங்கள்.

முதல் ஆண்டில் எறிகோடாலியும் சங்கிலி ரம்பமும் வேண்டாம். கவாத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் அளவுக்கு வெட்டி இறக்குகிற அந்த வேலை, போட்டிக்கு மிகப் பொருத்தமானது. வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், மழைநீர் தங்கக்கூடாது. பட்டை கிழியக்கூடாது. எல்லாச் செடியும் ஒரே மட்டத்துக்கு வர வேண்டும். வேகத்துக்குப் பாதி மதிப்பெண், வெட்டின் சுத்தத்துக்குப் பாதி. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால், எப்படியும் கவாத்துக்கு வரப்போகும் நிறைகள் சிலவற்றை ஒதுக்கித் தரலாம்; முறையாக எழுதிக் கேளுங்கள். அடுத்து, இருவர் இழுக்கும் ரம்பம். அதற்குக் காட்டு மரம் ஒன்றுகூட வேண்டாம். வயதான ரப்பர் மரங்களை மறுநடவுக்காக வெட்டும்போது கிடைக்கும் கட்டை போதும். பிறகு விறகு பிளந்து தீ மூட்டித் தண்ணீர் கொதிக்கவைக்கும் போட்டி. நம் மலைக் குளிரில், ஈர விறகில் அது சாதாரண வேலை இல்லை. அதில் பாட்டிமார் இறங்கினால் நீங்கள் யாரும் பரிசு வாங்க முடியாது என்பது என் கணிப்பு. கொழுந்து கிள்ளும் போட்டி கட்டாயம் வையுங்கள், ஆனால் கையால். இன்று சரிவுகளில் இருவர் பிடித்துக்கொண்டு போகும் இயந்திரம்தான் பெரும்பாலும் அறுவடை செய்கிறது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் பார்த்து இரு கையாலும் கிள்ளுகிற வேகத்தைக் கண்ணால் கண்ட கடைசித் தலைமுறை நீங்களாக இருந்துவிடக் கூடாது.

செமாய் கிராமங்களுக்கு நேரில் போய் அழையுங்கள். மேடையில் ஆட அழைக்காதீர்கள், பரண் கட்டி வெட்டும் முறையைச் சொல்லித்தர அழையுங்கள். இன்று தோட்டங்களில் வேலை செய்கிற வங்காளதேசத்தவருக்கும் நேபாளியருக்கும் இந்தோனேசியருக்கும் அணியில் இடம் கொடுங்கள். நம் தாத்தா நின்ற அதே நிறையில் இன்று அவர்கள் நிற்கிறார்கள்; அவர்கள் பெயரும் கூலிப் பதிவேட்டில் மட்டும் இருந்துவிட்டால் நாம் எதையும் கற்றுக்கொண்டவர்கள் ஆக மாட்டோம்.

செர்டாங்கில் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வேலை. 1931-ல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி 1971-ல் பல்கலைக்கழகமான உங்கள் இடத்தில் வனவியல் கற்பிக்கிறார்கள். பாதுகாப்பு விதிகளை அங்கே கேட்டு எழுதி வாருங்கள்: தலைக்கவசம், காலுறை, வெட்டுபவரைச் சுற்றி எத்தனை அடிக்கு யாரும் நிற்கக்கூடாது என்பது எல்லாம். ஒரு பிள்ளைக்குக் காலில் வெட்டு விழுந்தால் இந்த முயற்சி அன்றோடு நின்றுவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இயங்கும் இந்திய ஆய்வியல் துறையில் படிக்கிறவர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு வாருங்கள். கவாத்து வெட்டிய கை இன்று நடுங்கிக்கொண்டிருக்கும் பெரியவர்களிடம், எத்தனை கஷ்டப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். கத்தியை எப்படிப் பிடிப்பீர்கள், எந்தக் கல்லில் தீட்டுவீர்கள், மரம் சாயப்போவது முதலில் எதில் தெரியும் என்று கேளுங்கள். கஷ்டத்தைக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். வேலையைக் கேட்டால் பொழுது சாயும்வரை பேசுவார்கள்.

நடுவர்களாக அவர்களையே உட்கார வையுங்கள். மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்து மறந்துவிடும் வழக்கம் வேண்டாம். மதிப்பெண் போடும் தாளும் பேனாவும் அவர்கள் கையில் இருக்கட்டும். எழுத முடியாதவருக்குப் பக்கத்தில் ஒரு மாணவர் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதட்டும். முதல் போட்டியிலேயே ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஆண்டு, தோட்டம், போட்டி, வென்றவர் பெயர், சொல்லிக்கொடுத்தவர் பெயர் என்று ஐந்து பத்தி போதும். கடைசிப் பத்தியை ஒருபோதும் காலியாக விடாதீர்கள்.

ரம்பம் தேடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். பழைய இருவர் ரம்பங்கள் இன்னும் சில வீடுகளின் கூரைச் சந்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. அராவத் தெரிந்த ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். உங்கள் தோட்டத்தில் யாராவது இருந்தால் தீபாவளிக்கு முன்பே சொல்லி அனுப்புங்கள். பல் அராவி முடிக்க நாளாகும்.

அன்புடன்,
உங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவன்